மலாக்கா அரண்மனைக் கொலை: துன் முத்தாஹிர் செய்த குற்றம் என்ன?

ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்கள் கூடும் இடத்தில் இந்தக் கேள்வி எழாமல் இருப்பதில்லை. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில், அனந்தீஸ்வரர் கோயில் சுவரில் இதற்கு ஒரு கல்வெட்டுச் சான்று இருக்கிறது. ராஜராஜ சோழனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அந்தக் கல்வெட்டு, இளவரசரைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. எதற்காகக் கொன்றார்கள் என்பதை மட்டும் அது சொல்லவில்லை. பெயர் உண்டு, காரணம் இல்லை. அதனால்தான் ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் விவாதம் ஓயவில்லை.

இப்படியொரு அரண்மனைக் கொலை வழக்கைத் தேடி மலேசியத் தமிழர்கள் கடல் கடக்க வேண்டியதில்லை. அலோர் காஜா வட்டாரத்துச் சிம்பாங் அம்பாட்டிலிருந்து காரில் புறப்பட்டால் ஒரு மணி நேரத்திற்குள் மலாக்கா நகரின் செயின்ட் பால் குன்றை அடைந்துவிடலாம். அதன் அடிவாரத்தில், பழைய சுல்தான்களின் அரண்மனையைப் போல மரத்தால் கட்டிய அருங்காட்சியகம் நிற்கிறது. விடுமுறை நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அதைச் சுற்றிப் பார்த்தவர்கள் நம்மில் பலர். மலாக்கா சுல்தானகத்தின் முதலமைச்சர் ஒருவர், தம் குடும்பத்து ஆண்களோடு சேர்த்து, விசாரணை ஏதுமின்றிக் கொல்லப்பட்டார். ஆண்டு 1510 என்று கணக்கிடப்படுகிறது. அடுத்த ஆண்டே மலாக்கா அந்நியர் கைக்குப் போனது.

இந்த வழக்கு உடையார்குடிக்கு நேர் எதிரானது. இங்கே காரணங்கள் குவிந்து கிடக்கின்றன. ஆதாரம்தான் இல்லை.

கொல்லப்பட்டவர் யார்?

அவர் பெயர் துன் முத்தாஹிர். வகித்த பதவி பெண்டஹாரா. சுல்தானுக்கு அடுத்த நிலையில் இருந்து ஆட்சியையும் நீதியையும் கவனித்த பதவி அது. ஸ்ரீ மகாராஜா என்பது அவருடைய பட்டம்.

மலாக்காவின் வரலாற்றைக் கூறும் 'சுலாலாத்துஸ் சலாத்தின்' என்ற மலாய் நூல், 'செஜாரா மெலாயு' என்ற பெயரால் நம் மக்களுக்கு அறிமுகமானது. 2001இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்ற நூல் இது. பெண்டஹாராவின் பாட்டனார் மணி புரிந்தான் என்பவர் 'கெலிங்' நாட்டிலிருந்து கப்பலில் வந்தவர் என்று அந்நூல் சொல்கிறது. கலிங்கம் என்ற பெயரிலிருந்து பிறந்த அந்தச் சொல், அக்காலத்தில் தென்னிந்தியக் கரையையும் அதன் மக்களையும் குறித்தது. இன்று அதற்கு ஒட்டிக்கொண்டிருக்கும் இழிபொருள் அன்று இல்லை. மணி புரிந்தான் வழி வந்தவர்களைத் தமிழ் முஸ்லிம் மரபினர் என்றே வரலாற்றாசிரியர்கள் பொதுவாகக் கருதுகிறார்கள். அவர்கள் மலாக்காப் பிரபுக் குடும்பங்களில் பெண் கொடுத்து, பெண் எடுத்து, மலாய்ச் சமுதாயத்தோடு ஒன்றாகக் கலந்துவிட்டார்கள்.

துன் முத்தாஹிரின் சகோதரி துன் செனாஜா, சுல்தான் அலாவுடின் ரியாயாட் ஷாவை மணந்தார். அவர்களுக்குப் பிறந்தவர்தான் 1488இல் அரியணை ஏறிய சுல்தான் மாமூட் ஷா. அதாவது கொலைக்கு ஆணையிட்ட சுல்தானுக்குக் கொல்லப்பட்டவர் தாய்மாமன். தாய்மாமன் உறவுக்கு நம் குடும்பங்களில் என்ன மதிப்பு என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஓர் இரவில் எழுந்த குடும்பம்

இந்தக் குடும்பம் உயர்ந்ததும் ஓர் அரண்மனைக் கொலையின் வழியாகத்தான். 1440களில் சுல்தான் முகமது ஷா மறைந்தபோது அவருக்கு இரண்டு ஆண் மக்கள். மூத்தவர் ராஜா காசிம், மணி புரிந்தானின் மகள் வயிற்றுப் பிள்ளை. இளையவர் ராஜா இப்ராகிம், சுமத்ராவின் ரோக்கான் அரச வம்சத்துப் பெண்ணின் பிள்ளை. சிறுவனான இளையவரே சுல்தானாக்கப்பட்டார். அதிகாரம் முழுவதும் ரோக்கான் மன்னரின் கைக்குப் போனது. மூத்தவர் அரண்மனையை விட்டு வெளியேறி, மீனவரோடு மீனவராக வாழ்ந்ததாக நூல் சொல்கிறது.

ஓராண்டும் ஐந்து மாதமும் சென்றபின், ஓர் இரவில் ராஜா காசிம் ஆட்களோடு அரண்மனைக்குள் நுழைந்தார். அவருக்குப் பெருந்துணையாக நின்றவர் அவருடைய தாய்மாமன் துன் அலி, மணி புரிந்தானின் மகன். தாக்குதலில் குத்துப்பட்ட ரோக்கான் மன்னர், தம் பிடியில் இருந்த இளம் சுல்தானையும் குத்திக் கொன்றுவிட்டார். இறந்த அந்தச் சிறுவனைத்தான் வரலாறு சுல்தான் அபு சாஹிட் என்று அழைக்கிறது. ராஜா காசிம், சுல்தான் முசாபார் ஷா என்ற பெயரில் அரியணை ஏறினார்.

அந்தத் துன் அலியின் மகன்தான் துன் முத்தாஹிர். தாய்மாமன் துணையோடு ஒரு சுல்தான் அரியணை ஏறினார். அவருடைய கொள்ளுப்பேரன் தம் தாய்மாமனைக் கொல்ல ஆணையிட்டார். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ அறுபத்தைந்து ஆண்டுகள்.

இரண்டு வணிகர்களின் சண்டை

இனி வழக்குக்கு வருவோம். மலாக்காத் துறைமுகத்தில் நான்கு ஷாபண்டார்கள் இருந்தனர். ஒவ்வொருவரும் குறிப்பிட்ட நாடுகளிலிருந்து வரும் கப்பல்களையும் வணிகர்களையும் கவனித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் ராஜா முதலியார், தென்னிந்திய வணிகர் சமூகத்தைச் சேர்ந்த பெரும் பணக்காரர். அதே சமூகத்தைச் சேர்ந்த நைனா சுரதேவன் வணிகர்களின் தலைவர்.

இருவருக்கும் தகராறு மூண்டு, வழக்கு பெண்டஹாராவிடம் போனது. பொழுது சாய்ந்துவிட்டதால் மறுநாள் வரும்படி சொல்லி அனுப்பினார் பெண்டஹாரா. அன்றிரவு நைனா சுரதேவனுக்குத் தூக்கம் வரவில்லை. எதிராளி தம்மைவிட வசதியானவர், பணம் கொடுத்துத் தீர்ப்பைத் தம் பக்கம் திருப்பிக்கொள்வார் என்ற பயம். முந்திக்கொண்டு தாமே பொன்னை எடுத்துச்சென்று பெண்டஹாராவிடம் கொடுத்தார். பெண்டஹாராவும் வாங்கிக்கொண்டார்.

இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நீதி சொல்ல வேண்டியவர் வழக்காளியிடம் பொன் வாங்கியது தவறு. ஆடம்பரத்திலும் பெண்டஹாரா குறைந்தவர் அல்லர். ஒரு நாளில் ஆறேழு முறை உடை மாற்றுவார் என்று நூலே சொல்கிறது. ஆனால் அவரைக் கொன்றது இந்தக் குற்றத்திற்காக அல்ல.

நைனா சுரதேவனுக்குக் கித்தோல் என்றொரு உறவினர் இருந்தார். அவர் ராஜா முதலியாருக்கு ஒரு காத்தி பொன் கடன்பட்டிருந்தார். பழைய எடையில் ஏறத்தாழ 600 கிராம். பொன் கைமாறிய செய்தி கித்தோலின் காதுக்கு எட்டியது. அவர் அந்த இரவே ராஜா முதலியாரின் வீட்டுக் கதவைத் தட்டினார். பெண்டஹாராவுக்குப் பொன் போய்ச் சேர்ந்தது உண்மை. உங்களைக் கொல்வதற்காகவே அது கொடுக்கப்பட்டது என்று கித்தோல் சேர்த்துச் சொன்னது பொய். ராஜா முதலியார் நன்றியோடு கித்தோலின் கடனைத் தள்ளுபடி செய்தார்.

வதந்தி ஏறிய நான்கு படிகள்

ராஜா முதலியார் அஞ்சினார். பெண்டஹாராவிடமே போய்க் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. கடற்படைத் தலைவர் லக்சமணா கோஜா ஹசானிடம் பொன்னும் மணியும் கொண்டுசென்று கொடுத்தார். பெண்டஹாரா சுல்தானுக்கு எதிராகச் சதி செய்கிறார், தமக்கென்று சிங்காசனமும் பொற்பாதுகையும் செய்து வைத்திருக்கிறார் என்று முறையிட்டார்.

லக்சமணா விசாரித்திருக்கலாம், விசாரிக்கவில்லை. பரிசை ஏற்றுக்கொண்டு செய்தியை அப்படியே சுல்தானிடம் சேர்த்தார்.

சுல்தானின் மனத்தில் ஏற்கெனவே ஒரு வடு இருந்தது. துன் முத்தாஹிரின் மகள் துன் பாத்திமா பேரழகி. அப்படிப்பட்ட பெண்ணைச் சுல்தானுக்குத் தெரியப்படுத்தாமல் உறவினர் ஒருவருக்கு மணமுடித்துக் கொடுத்தார் பெண்டஹாரா. திருமணத்திற்கு வந்த சுல்தான் மணப்பெண்ணைப் பார்த்தார். மாமன் தம்மை மதிக்கவில்லை என்று மனம் கசந்தது.

ஆக, கடன்பட்டவனின் பொய் முதல் படி. பயந்தவனின் புகார் இரண்டாம் படி. பரிசு வாங்கியவனின் பரிந்துரை மூன்றாம் படி. மனக்கசப்பு கொண்டவரின் தீர்ப்பு நான்காம் படி. ஒவ்வொரு படியிலும் ஒருவருக்கு அந்தப் பொய் தேவைப்பட்டது. அதனால்தான் யாரும் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை.

கெரிஸ் வந்த நாள்

சுல்தானின் ஆணையோடு துன் சுரா டிராஜா, துன் இந்திரா செகாரா ஆகிய இருவரும் பெண்டஹாராவின் வீட்டிற்கு அனுப்பப்பட்டனர். பெண்டஹாராவின் உறவினர்களும் ஆட்களும் ஆயுதங்களோடு திரண்டுவிட்டார்கள். மகன் துன் ஹசான் தெமெங்கோங் எதிர்த்து நிற்கத் துடித்தார். பெண்டஹாரா தடுத்துவிட்டார். சுல்தானுக்கு எதிராகக் கை ஓங்குவது மலாய் மரபில் 'டெர்ஹாகா', மன்னிக்க முடியாத குற்றம். இந்தச் சொல்லும் தமிழில் புழங்கும் 'துரோகம்' என்ற சொல்லும் ஒரே வடமொழி வேரில் பிறந்தவை.

துரோகம் செய்தார் என்று குற்றம் சாட்டப்பட்டவர், துரோகமாகிவிடும் என்று அஞ்சித் தம் உயிரைக் காக்கக்கூட ஆயுதம் எடுக்கவில்லை. பெண்டஹாரா, அவருடைய சகோதரர் ஸ்ரீ நாரா டிராஜா, மகன் துன் ஹசான், துன் பாத்திமாவின் கணவர் ஆகியோர் கொல்லப்பட்டனர். ஸ்ரீ நாரா டிராஜாவின் மகன் ஹம்சா மட்டும் காயத்தோடு பிழைத்துக்கொண்டான்.

பிறகு பெண்டஹாராவின் சொத்து முழுவதும் அரண்மனைக்குக் கொண்டுவரப்பட்டது. சுல்தான் அதைப் பார்வையிட்டார். சொல்லப்பட்ட பொருள் ஒன்றுகூட அதில் இல்லை. சிங்காசனம் சட்டைப் பையில் ஒளித்து வைக்கும் பொருளா? ஆணையிடுவதற்கு முன் ஒரு காலைப் பொழுது ஆட்களை அனுப்பித் தேடியிருந்தால் வழக்கு முடிந்திருக்கும். சோதனை நடந்தது உண்மை. கொலைக்குப் பிறகு நடந்தது.

உண்மை தெரிந்ததும் ராஜா முதலியாரும் கித்தோலும் குடும்பத்தோடு கொல்லப்பட்டார்கள். லக்சமணா கொடிய உடல் தண்டனைக்கு ஆளானார். அதிலும் முறையான விசாரணை நடந்ததாக நூலில் இல்லை. முதல் தவறைச் சரிசெய்ய அதே தவறு மறுபடி செய்யப்பட்டது.

சாட்சி சொல்பவர் யார்?

இதுவரை சொன்ன கதைக்கு ஆதாரம் 'சுலாலாத்துஸ் சலாத்தின்'. எந்த வழக்கிலும் சாட்சியின் உறவுமுறையைக் கேட்பது வழக்கம். 1612இல் இந்நூலை எழுதும் பணியை ஏற்ற ஜொகூர் பெண்டஹாரா துன் ஸ்ரீ லானாங், நூலின் முன்னுரையில் தம் வம்ச வரிசையைச் சொல்கிறார். அந்த வரிசைப்படி அவர் துன் முத்தாஹிரின் எள்ளுப்பேரன். கொல்லப்பட்டவரின் வாரிசே சாட்சி.

அதனால் கதை பொய் என்று ஆகிவிடாது. ஆனால் அந்த எழுத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அரசருக்கு விசுவாசமான ஒரு பெண்டஹாரா, அரசரை நேரடியாகக் குற்றவாளி என்று எழுத முடியாது. தம் முன்னோரையும் குற்றவாளி என்று எழுத மனம் வராது. அப்படியானால் பழி எங்கே போய்ச் சேரும்? கித்தோலின் மீதும் ராஜா முதலியாரின் மீதும்தான்.

மறுபக்கச் சாட்சி போர்த்துக்கீசியர். அரசைக் கைப்பற்றத் திட்டமிட்டதற்காகவே பெண்டஹாராவை மன்னர் கொன்றார் என்பது அவர்கள் குறிப்புகளின் சாரம். அவர்களும் நடுநிலையாளர்கள் அல்லர். 1509இல் டியோகோ லோபெஸ் டி செக்குவேரா ஐந்து கப்பல்களோடு மலாக்காவுக்கு வந்தபோது, அவருடைய ஆட்கள் பலர் சிறைபிடிக்கப்பட்டார்கள். அதற்குப் பின்னணியில் இருந்தவர் பெண்டஹாரா என்பது அவர்கள் கொண்ட பகை. பகைவர் நல்ல பெயர் கொடுப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

ஒருவர் உறவினர், மற்றவர் பகைவர். இருவரும் ஒத்துப்போகும் இடம் எதுவோ அதையே உறுதியாகக் கொள்ளலாம். சுல்தானின் ஆணையால் பெண்டஹாரா கொல்லப்பட்டார், துரோகம் என்பதே சொல்லப்பட்ட காரணம். இந்த இரண்டில் கருத்து வேறுபாடு இல்லை. துரோகம் மெய்ப்பிக்கப்பட்டதா என்ற கேள்விக்கு மட்டும் விடை இல்லை.

விசாரிக்க ஏன் ஆள் இல்லை?

மலாக்காவில் சட்டம் இல்லாமல் இல்லை. 'ஹுக்கும் கானுன் மலாக்கா' என்ற சட்டத் தொகுப்பு அதிகாரிகளின் கடமைகளையும் குற்றங்களுக்குரிய தண்டனைகளையும் வகுத்திருந்தது. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. நீதி சொல்பவர் பெண்டஹாரா. குற்றவாளிகளைப் பிடிப்பதும் காவலும் தெமெங்கோங்கின் பொறுப்பு. அந்தத் தெமெங்கோங் பெண்டஹாராவின் சொந்த மகன். நீதியும் காவலும் ஒரே வீட்டில் இருந்தன.

ஊர் பேசியதற்கும் சுல்தான் சந்தேகப்பட்டதற்கும் இது ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அந்த வீட்டின் மீதே குற்றம் சாட்டப்பட்டபோது, நின்று விசாரிக்க வேறு அதிகாரி இல்லை. எஞ்சியது அரசரின் கோபம் ஒன்றுதான். அதிகாரத்தைத் தன் குடும்பத்திற்குள்ளேயே குவித்துக்கொண்டவர்களுக்கு ஆபத்து வரும்போது பாதுகாப்பும் இல்லாமல் போகிறது. இது மலாக்காவிற்கு மட்டும் உரிய பாடம் அன்று.

நாடு கொடுத்த விலை

புதிய பெண்டஹாராவாக அமர்த்தப்பட்டவர் நடக்க இயலாத முதியவர். சுல்தான் மாமூட் ஷா மனமுடைந்து, ஆட்சியை மகன் சுல்தான் அகமதுவிடம் ஒப்படைத்து ஒதுங்கினார். முதலமைச்சரும் தெமெங்கோங்கும் போய், லக்சமணாவும் முடங்கிக் கிடந்த நேரத்தில், 1511 ஜூலையில் அபோன்சோ டி அல்புகெர்க் சுமார் 18 கப்பல்களோடும் 1,200 வீரர்களோடும் வந்து சேர்ந்தார். ஆகஸ்டில் மலாக்கா வீழ்ந்தது. பீரங்கி பலமும் உள்ளூர் வணிகர்களின் அதிருப்தியும் வீழ்ச்சிக்குக் காரணங்கள் என்பது உண்மை. ஆனாலும் தன் கையாலேயே தன் தலைவர்களை இழந்திருந்த அரசு எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும்?

துன் பாத்திமாவைச் சுல்தான் மாமூட் ஷா மணந்துகொண்டார். தந்தையையும் கணவனையும் பறிகொடுத்த அந்தப் பெண் அதன்பின் சிரித்ததே இல்லை என்கிறது நூல். அவர் மகன்தான் 1528இல் ஜொகூர் சுல்தானகத்தைத் தொடங்கிய சுல்தான் அலாவுடின் ரியாயாட் ஷா. ஜொகூர் பாருவில் துன் பாத்திமாவின் பெயரைத் தாங்கிய பள்ளியில் இன்றும் பெண்கள் படிக்கிறார்கள்.

பெயர்களுக்கு ஒட்டிய பழி

மலாய் மேடைப் பேச்சுகளில் 'சி கித்தோல்' என்றால் காட்டிக்கொடுப்பவன் என்று பொருள். ராஜா முதலியாரின் பெயரும் சேர்ந்தே வரும். சில வேளைகளில் அந்தப் பெயர்கள் ஒரு சமூகத்தின் மீதே வீசப்படுகின்றன. கேட்கும் தமிழ் இளைஞனுக்கு மனம் வலிக்கிறது, பதில் சொல்லத் தெரிவதில்லை.

பதில் அதே நூலிலேயே இருக்கிறது. பொய் சொன்னவரும் தென்னிந்திய வழி வந்தவர், அந்தப் பொய்யால் உயிரிழந்த பெண்டஹாராவின் பாட்டனாரும் அங்கிருந்தே வந்தவர். அந்த மரபில் வந்த ஒருவரே மலாய் மொழியின் தலைசிறந்த வரலாற்று நூலை நாட்டுக்குக் கொடுத்தார். செய்தியை விசாரிக்காமல் மேலே அனுப்பிய லக்சமணாவும் ஆணையிட்ட சுல்தானும் வணிகர்கள் அல்லர். இந்த வழக்கில் இனத்தைத் தேடுபவருக்கு எல்லாப் பக்கமும் எல்லாரும் கிடைப்பார்கள்.

அடுத்த முறை பிள்ளைகளோடு அந்த மர அரண்மனையின் படிகளில் ஏறும்போது இந்தக் கதையை முழுவதுமாகச் சொல்லிக் கொடுக்கலாம். கித்தோலின் பொய்யில் தொடங்கி, சொத்தைச் சோதித்துப் பார்த்த சுல்தான் வெறுங்கையோடு நின்ற இடம் வரைக்கும் சொல்ல வேண்டும். யாரைப் பற்றியாவது ஒரு செய்தி காதில் விழுந்தால், சம்பந்தப்பட்டவரிடம் கேட்டாயா என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்கப் பழகினால் போதும். மலாக்காவில் அன்று அந்தக் கேள்வியைக் கேட்க நான்கு பேருக்கு வாய்ப்பு இருந்தது. ஒருவர்கூடக் கேட்கவில்லை.